பிரைம்95: ஒரு பினாங்கு வீட்டுக் கணினியில் ஏழு மாதங்கள்

கடந்த ஏழு மாதங்களாக என் வீட்டு மேசைக்கணினியில் பிரைம்95 என்னும் மென்பொருள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய பகா எண்களைத் தேடும் ‘கிம்ப்ஸ்’ என்னும் தன்னார்வத் திட்டத்தை 1996-ஆம் ஆண்டு தொடங்கிய ஜார்ஜ் வோல்ட்மன் என்னும் அமெரிக்க நிரலாளரே இதனை எழுதியவர். விலை ஏதுமில்லை. திட்டத்தின் இணையத்தளத்திலிருந்து தரவிறக்கி ஒரு பெயரைப் பதிந்துகொண்டால், நம் கணினிக்கென ஓர் எண் ஒதுக்கப்பட்டு வேலை தொடங்கிவிடும். இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு இத்தனை நீண்ட மதிப்புரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இதற்காக நான் கொடுத்தது மின்சாரமும் காலமும். இது எனக்குக் கொடுத்தது, ஒரு கணக்கின் விடையை எந்த அளவுக்கு நம்பலாம், எதை வைத்து நம்பலாம் என்னும் தெளிவு. அந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகள் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவன். ‘பர்ன்-இன்’ என்று நாங்கள் சொல்லும் அறையில், சில்லுகளைச் சூடேற்றிய அடுப்புகளுக்குள் அடுக்கி, மணிக்கணக்கில் மின்னழுத்தம் கொடுத்து, தாங்குபவை எவை, தவறுபவை எவை என்று பிரிப்பதே எங்கள் அன்றாட வேலை. ஆகவே பிரைம்95 என்ற பெயர் என் காதில் முதலில் விழுந்தது பகா எண்ணின் பொருட்டு அன்று. கணினியை வாட்டி எடுத்து அதன் உறுதியைப் பார்க்கும் கருவியாகத்தான் நண்பர்கள் இதைக் குறிப்பிடுவார்கள். இதன் உண்மையான நோக்கம் வேறு என்பதை நான் கவனித்தது 2024 அக்டோபரில், அதுவரை யாரும் அறிந்திராத அளவுக்குப் பெரிய பகா எண் ஒன்று அறிவிக்கப்பட்டபோதுதான்.

அந்த எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். 136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது அது. அதில் 41,024,320 இலக்கங்கள் உள்ளன. 8816 என்று தொடங்கி 51 என்று முடிகிறது. கடைசி இரண்டு இலக்கங்களை அறிய கணினியே தேவையில்லை. இரண்டின் அடுக்குகளை 2, 4, 8, 16 என்று எழுதிக்கொண்டே போனால், 4-இலிருந்து தொடங்கி அவற்றின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருபது படிகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். 136,279,841-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே இருபத்தோராவது அடுக்காகிய 2,097,152-இன் வாலில் உள்ள 52-தான் இந்தப் பேரெண்ணின் வாலிலும் இருக்க வேண்டும். ஒன்றைக் கழித்தால் 51. நாற்பத்தொரு மில்லியன் இலக்கங்கள் கொண்ட ஒன்றின் நுனியை நாம் ஒரு தாள் துண்டில் தொட்டுவிட முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

முழு எண்ணையும் உரைக்கோப்பாக எடுத்து வைத்தால் ஏறக்குறைய 41 மெகாபைட் ஆகும். பக்கத்துக்கு 3,000 இலக்கங்கள் வீதம் அச்சிட்டால் பதின்மூவாயிரம் பக்கங்களைத் தாண்டும். ஆனால் கணினி இதனை அவ்வாறு பார்ப்பதில்லை. இரும எண்முறையில் இது வெறும் ஒன்றுகளின் வரிசை. 136,279,841 ஒன்றுகள், இடையில் ஒரு சுழியம்கூடக் கிடையாது. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த இத்தகைய எண்களுக்குப் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவியான மாரின் மெர்சென்னின் பெயர் வழங்குகிறது. இப்போது அறியப்பட்டுள்ள மெர்சென் பகா எண்கள் 52. கடைசியில் கிடைத்தவற்றுக்கு இடையில் கண்ணில் படாமல் வேறொன்று ஒளிந்திருக்கவும் கூடும் என்பதால், அறியப்பட்டவற்றில் இது 52-ஆவது என்று சொல்வதே முறை.

ஒன்றுகளின் வரிசை என்ற பார்வையிலேயே இவ்வெண்களின் முதல் பண்பு விளங்கிவிடும். பதினைந்து ஒன்றுகளை எழுதி, மும்மூன்றாகப் பிரித்தால் ஐந்து ‘111’ கிடைக்கும். ஆகவே அந்த எண், ‘111’ ஆகிய 7-ஆல் மீதியின்றி வகுபடும். ஐந்தைந்தாகப் பிரித்தால் மூன்று ‘11111’. ஆகவே 31-ஆலும் வகுபடும். பதினைந்து ஒன்றுகள் என்பது 32,767. அதன் காரணிகள் 7, 31, 151. ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம பங்குகளாகப் பிரிக்க முடிந்தால் அந்த எண்ணையும் பிரித்துவிடலாம் என்பதால், அடுக்கு பகா எண்ணாக இல்லாத இடத்தில் தேடுவது வீண். அதற்காக, அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 11 பகா எண்தான். ஆனால் பதினொரு ஒன்றுகளால் ஆன 2,047 என்பது 23 பெருக்கல் 89.

பிரைம்95 தனக்குக் கிடைக்கும் ஒவ்வோர் எண்ணையும் நேரடியாகப் பெருஞ்சோதனைக்கு எடுத்துக்கொள்வதில்லை. மாவை முதலில் கண்ணகன்ற சல்லடையிலும் பிறகு நுண்ணிய சல்லடையிலும் சலிப்பதுபோல, சிறிய காரணிகள் உண்டா என்று திட்டத்தில் ஏற்கெனவே சலித்துவிட்டே அனுப்புகிறார்கள். இந்தச் சலிப்பை எளிதாக்குவது மெர்சென் எண்களின் இன்னொரு பண்பு: அடுக்கு p என்றால், காரணி எதுவாயினும் 2p-இன் ஏதோவொரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும், அதோடு அதனை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். 2,047-இன் காரணிகளைப் பாருங்கள்: 23 என்பது 22-ஐவிட ஒன்று அதிகம், 89 என்பது 88-ஐவிட ஒன்று அதிகம். புகழ்பெற்ற இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. 67 ஒன்றுகளால் ஆன எண்ணை மெர்சென் 1644-இல் பகா எண் என்று பட்டியலிட்டார். அது தவறு என்று பிரெஞ்சுக் கணிதர் எடுவர்ட் லூக்கா 1876-இல் நிறுவினார். ஆனால் காரணிகள் எவை என்பது அவருக்கும் தெரியாது. 1903-இல்தான் பிராங்க் நெல்சன் கோல் அவற்றைக் கண்டுபிடித்தார்: 193,707,721 மற்றும் 761,838,257,287. முதலாவதிலிருந்து ஒன்றைக் கழித்து 134-ஆல் வகுத்துப் பார்த்தேன். 1,445,580 என்று மீதியின்றி வகுபட்டது. எட்டால் வகுத்தால் மீதி 1. கோல் தேடிய காலத்தில் கணினி இல்லை என்பதை நினைக்கும்போது, இருபத்தேழு ஆண்டு இடைவெளியின் பொருள் புரிகிறது.

ஓர் எண் பகுபடும் என்று அறிவது வேறு, எதனால் பகுபடும் என்று அறிவது வேறு. இந்த வேறுபாட்டை எனக்கு நன்றாக விளங்க வைத்தவள் என் அக்கா மகள். நான்காம் படிவம் படிக்கிறாள். குளுகோரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வார இறுதிகளில் வருவாள். “மாமா, நாற்பது மில்லியன் இலக்கத்தை எதனால் வகுத்துப் பார்க்கிறீர்கள்?” என்று ஒரு நாள் கேட்டாள். எதனாலும் வகுப்பதில்லை என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. எனவே சமையலறை மேசையில், மளிகைக் கடை ரசீதின் பின்பக்கத்தில், லூக்கா தொடங்கி டெரிக் ஹென்றி லெமர் செம்மைப்படுத்திய சோதனையை இருவரும் சேர்ந்து செய்து பார்த்தோம்.

விதி மிகவும் எளியது. 4-இல் தொடங்க வேண்டும். அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும். வருவதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதையே, அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்ய வேண்டும். முடிவில் சுழியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். ஐந்து ஒன்றுகளாகிய 31-ஐ எடுத்தோம், மூன்று படிகள். 4-இன் வர்க்கம் 16, இரண்டைக் கழித்தால் 14. அதன் வர்க்கம் 196, கழித்தால் 194. இங்கே வகுக்க வேண்டும். ஆனால் மெர்சென் எண்ணால் மீதி காண்பதற்கு வகுத்தலே வேண்டியதில்லை. 194-ஐ இருமத்தில் எழுதினால் 11000010. வலப்பக்கத்து ஐந்து இலக்கங்கள் 00010, அதாவது 2. எஞ்சிய 110 என்பது 6. இரண்டையும் கூட்டினால் 8, அதுதான் மீதி. ஒன்பதால் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே சூட்சுமம். 8-இன் வர்க்கம் 64, இரண்டைக் கழித்தால் 62. 31-ஆல் வகுத்தால் மீதி சுழியம். 31 பகா எண்.

அடுத்து 2,047. ஒன்பது படிகள். 14, 194, 788, 701, 119, 1877, 240, 282 என்று போய், ஒன்பதாம் படியில் 1736-இல் நின்றது. சுழியம் இல்லை. “அப்படியென்றால் 23-உம் 89-உம் எங்கே, மாமா?” என்று கேட்டாள். அவை இந்தக் கணக்கில் எங்கும் தென்படா. 1736 என்ற அந்த மீதி, இவ்வெண் பகா எண் அன்று என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது; அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. என் கணினி பதினைந்து நாள் உழைத்து அனுப்பும் விடையும் இத்தகையதே. முடிவில் நமக்குக் கிடைப்பது, இறுதி மீதியின் கடைசி 64 இருமங்களைக் காட்டும் பதினாறு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு. பேரெண் ஒன்று பகுபடும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

எனக்கு இதுவரை ஒதுக்கப்பட்டவை பெரும்பாலும் 130 மில்லியனை ஒட்டிய அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் 130 மில்லியன் வர்க்கப்படுத்தல்கள். என் கணினியில் ஒரு படிக்கு ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகிறது. வாய்ப்பாட்டு முறையில் நாற்பது மில்லியன் இலக்கங்களை நாற்பது மில்லியன் இலக்கங்களால் பெருக்க முனைந்தால் ஒரு படியே முடியாது. ஃபூரியே உருமாற்றம் என்னும் உத்தியைக் கொண்டு, எண்ணைத் துண்டுகளாக்கி, அலைகளாக மாற்றிப் பெருக்கி, மீண்டும் முழு எண்ணாகத் திரட்டுவதில்தான் வோல்ட்மன்னின் கைவண்ணம் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைச் செயலிக்கும் ஏற்ப அவர் இயந்திர மொழிக்கு நெருக்கமாக இறங்கி எழுதியிருக்கிறார். என்னைப் போன்று சில்லுகளோடு பழகியவர்களுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும்.

இனி நம்பிக்கையைப் பற்றி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வது இந்த வேலைக்குப் பொருந்துவதில்லை. 130 மில்லியன் படிகளில் எங்கோ ஒரு படியில் ஓர் இருமம் புரண்டாலும், அதற்குப் பின் வரும் அத்தனையும் குப்பை. முன்பெல்லாம் இதற்கு ஒரே வழி, வேறொருவர் வேறொரு கணினியில் முழுக் கணக்கையும் மறுபடி செய்து, இரண்டு குறியீடுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான். 2018 முதல் நிலைமை மாறியது. இப்போது முதல் சோதனைக்கு லூக்கா-லெமர் முறைக்குப் பதிலாக, 3-ஐ வைத்துத் தொடர்ந்து வர்க்கப்படுத்தும் ‘பகா எண்ணாக இருக்கலாம்’ என்ற சோதனையைக் கையாள்கிறார்கள். அதற்குக் காரணம், ராபர்ட் கெர்பிச் என்பவர் கண்டறிந்த ஒரு சரிபார்ப்பு அந்தச் சோதனையோடு கச்சிதமாகப் பொருந்துவதே. வழியிலேயே இடைவெளி விட்டு விட்டுக் கணக்கைத் தனக்குத்தானே சோதித்துக்கொண்டு, பிழை தெரிந்தால் கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. 2020 முதல், வேலை முடிந்ததும் ஒரு சான்றுக் கோப்பும் தயாராகிறது. அதைக் கொண்டு வேறொரு தன்னார்வலரின் கணினி, முழு வேலையின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான உழைப்பில் என் விடையை உறுதிசெய்துவிடும். இருபத்திரண்டு ஆண்டுகள் சோதனை அறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: தன் விடையைத் தானே ஐயுறும் வகையில் கட்டப்பட்ட கருவி இதைவிடச் சிறந்த ஒன்றை நான் கையாண்டதில்லை.

2024-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பிலும் இதே ஒழுங்கைப் பின்பற்றினார்கள். லூக் டுராண்ட் என்பவர் 17 நாடுகளில் உள்ள தரவு மையங்களின் வரைகலைச் செயலிகளை வாடகைக்கு எடுத்துத் தேடினார். அக்டோபர் 11-ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு செயலி, ‘பகா எண்ணாக இருக்கலாம்’ என்றது. மறுநாள் டெக்சஸின் சான் அந்தோனியோவில் இருந்த இன்னொன்று லூக்கா-லெமர் முறையில் அதை உறுதிசெய்தது. அதன் பிறகும் வெவ்வேறு மென்பொருள்களிலும் வன்பொருள்களிலும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்த பின்னரே, அக்டோபர் 21-ஆம் தேதி உலகுக்குச் சொன்னார்கள்.

என் சொந்த அனுபவத்தில் இந்த மென்பொருள் முதலில் பிடித்துக்கொடுத்தது பகா எண்ணை அன்று, ஒரு பழுதான நினைவகத்தை. இந்தக் கணினியை இத்தீவின் பேரங்காடி ஒன்றில் உள்ள கடையில் புதிதாகப் பொருத்தி வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, பிரைம்95-இல் உள்ள ‘டார்ச்சர் டெஸ்ட்’ என்னும் வதைச் சோதனையைத் தொடங்கினேன். அதில் மூன்று வகைகள் முக்கியமானவை: செயலியை உச்சச் சூட்டுக்குக் கொண்டுபோவது ஒன்று, நினைவகத்தை நெருக்குவது ஒன்று, இரண்டையும் கலந்து செய்வது ஒன்று. கலவைச் சோதனையில் பத்தொன்பதாம் நிமிடம் திரையில் ஒரு வரி வந்தது: முழுமையாக்கப் பிழை 0.5, எதிர்பார்ப்பது 0.4-க்குக் கீழ், வன்பொருள் கோளாறு. இதன் பொருள் அழகானது. அலைகளிலிருந்து மீண்டும் எண்ணாகத் திரட்டும்போது, விடை ஒவ்வொன்றும் ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து விழ வேண்டும். சரியாக நடுவில், 0.5-இல் விழுந்தால், அது எந்தப் பக்கத்து முழு எண் என்று சொல்ல முடியாது. ஆகவே கணக்கு கெட்டுவிட்டது என்று மென்பொருள் நிறுத்திவிடுகிறது.

கடைக்காரர் முதல் முறை கேட்டது, “விண்டோஸ் ஓடுகிறதுதானே, அண்ணே, பிறகு என்ன குறை?” என்றுதான். விண்டோஸ் ஓடும், படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். நூறு கோடிப் பெருக்கல்களில் ஒன்று தவறினால் படத்தில் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இதை விளக்கிச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. இரண்டாம் முறை, நினைவகத்தின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்து அனுப்பினார். பிழை நாற்பது நிமிடம் கழித்து வந்தது. மூன்றாம் முறை, இரண்டு நினைவகங்களையும் தனித்தனியே பொருத்தி ஓட்டிய பதிவுகளை அச்சிட்டு எடுத்துப் போனேன். ஒன்றில் பிழை உண்டு, மற்றதில் இல்லை. அதன் பிறகே மாற்றித் தந்தார். நான் அவரிடம் கோபப்படவில்லை. ஆனால் வாங்கிய பொருளை இப்படிச் சோதிக்கத் தெரியாத ஒருவர் அதே நினைவகத்தோடு ஆண்டுக்கணக்கில் தன் குடும்பப் படங்களையும் கணக்குகளையும் சேமித்துக்கொண்டிருப்பார் என்பது என்னை உறுத்தியது. புதுக் கணினி வாங்குகிறவர்கள், பகா எண்களில் ஆர்வமே இல்லாவிட்டாலும், முதல் வாரத்தில் ஓர் இரவு இந்தச் சோதனையை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதே என் பரிந்துரை.

பகா எண்களும் சில்லுகளின் பழுதும் இப்படிச் சந்தித்துக்கொள்வது புதிதன்று. 1994-இல் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர், இரண்டே வேறுபாட்டில் அருகருகே அமையும் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, விடை பொருந்தாமல் போனதை வைத்துப் பென்டியம் செயலியின் வகுத்தல் பிழையை வெளிக்கொணர்ந்தார். 2016-இல் ஸ்கைலேக் வகைச் செயலிகள் சில சூழல்களில் உறைந்துபோவது பிரைம்95-ஐ ஓட்டியவர்களால்தான் தெரியவந்தது. அதை இன்டெல் ஒப்புக்கொண்டு திருத்தம் வழங்கியது. 1972 முதல் சில்லுத் தொழிலோடு வளர்ந்த நம் பாயான் லெப்பாஸைச் சேர்ந்தவர்கள் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

செலவுக்கு வருகிறேன். வேலை நடக்கும்போது என் கணினி கூடுதலாக ஏறத்தாழ 120 வாட் இழுக்கிறது. மாதத்துக்கு 86 யூனிட். மின் கட்டணத்தில் நாற்பது ரிங்கிட்டை ஒட்டிக் கூடியது. நம் ஊர் வெக்கையில், கணினி வெளியேற்றும் சூடும் ஒரு கணக்குதான். பிற்பகலில் அந்த அறையில் உட்கார முடியவில்லை என்று அம்மா சொன்னதிலிருந்து, நண்பகல் முதல் ஆறு மணி வரை நிறுத்திவைக்கும்படி அமைத்துவிட்டேன். அதற்கான வசதி உண்டு, ஆனால் அமைப்புக் கோப்பு ஒன்றைத் திறந்து கையால் எழுத வேண்டும். மடிக்கணினியில் இதை ஓட்ட வேண்டாம். இடியும் மின்தடையும் வந்த இரண்டு இரவுகளில் நான் அஞ்சியது நடக்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை தானாகவே சேமித்துக்கொள்வதால், இழந்தது சில நிமிட உழைப்பு மட்டுமே. சான்றுக் கோப்புக்காக இடைக்காலத்தில் சில கிகாபைட் இடம் பிடிக்கிறது. சிறிய வட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மென்பொருளின் முகப்பு பழைய விண்டோஸ் காலத்தில் அப்படியே நிற்கிறது. விளக்கக் குறிப்புகள் தகவல் செறிந்தவை என்றாலும், புதியவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாதபடி ஆங்கிலத்தில் நெருக்கமாக எழுதப்பட்டவை. இதைவிடப் பெரிய குறை, இது மையச் செயலியில் மட்டுமே ஓடும். வரைகலை அட்டை வைத்திருப்பவர்கள் மிஹாய் பிரேதா உருவாக்கிய ஜிபியுஅவுல் போன்ற வேறு மென்பொருளை நாட வேண்டும். டுராண்ட்டின் வெற்றியும் அந்த வழியில் வந்ததே. 1996 முதல் 2018 வரை கிம்ப்ஸ் கண்ட எண்கள் அனைத்தும் சாதாரணக் கணினிகளில் கிடைத்தவை. அந்தக் காலம் முடிந்துவிட்டதோ என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஓர் எண்ணைச் சோதித்தால் அது பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு மில்லியனுக்கு ஒன்று என்ற அளவில்தான். கண்டுபிடித்தால் கிம்ப்ஸ் 3,000 அமெரிக்க டாலர் தருகிறது. நூறு மில்லியன் இலக்கங்களைத் தாண்டும் முதல் பகா எண்ணுக்கு மின்னணு எல்லை அறக்கட்டளை 150,000 டாலர் அறிவித்திருக்கிறது. பணத்தை எதிர்பார்த்து யாரும் இதில் இறங்க வேண்டாம்.

“வங்கிக் கணக்கைப் பாதுகாக்க இந்தப் பெரிய எண் உதவுமா?” என்று பலர் கேட்கிறார்கள். உதவாது. மறையாக்கத்துக்கு வேண்டியவை சில நூறு இலக்கங்கள் கொண்ட, பிறர் அறியாத பகா எண்கள். இதுவோ உலகமே அறிந்தது, அளவிலும் பயன்படாத அளவுக்குப் பெரியது. ஆனால் பயனே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. 1971-இல் கண்டறியப்பட்ட 19,937 என்னும் அடுக்குக்குரிய மெர்சென் பகா எண், கால் நூற்றாண்டு கழித்து, 1997-இல் இரண்டு ஜப்பானியர் வடிவமைத்த எழுந்தமான எண் உருவாக்கிக்கு அடித்தளமாயிற்று. இன்று நாம் பயன்படுத்தும் பல நிரல்மொழிகளில் அது உள்ளே இருக்கிறது. இன்னொரு பழைய உறவும் உண்டு. 6-இன் காரணிகளாகிய 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 6-ஏ வரும். 28-உம் 496-உம் அப்படியே. இத்தகைய நிறைவெண்களில் இரட்டைப்படையானவை ஒவ்வொன்றும் ஒரு மெர்சென் பகா எண்ணிலிருந்தே பிறக்கின்றன என்பதை யூக்ளிடும் ஆய்லரும் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இரு பாதியாக நிறுவினார்கள். ஆகவே 2024-இல் கிடைத்தது ஒன்று அன்று, இரண்டு: அந்தப் பகா எண்ணோடு, 82,048,640 இலக்கங்கள் கொண்ட ஒரு நிறைவெண்ணும் சேர்ந்தே வந்தது.

யாருக்கு இதைச் சொல்வேன்? புதிதாகக் கணினி வாங்கியவர்களுக்கு, வதைச் சோதனைக்காக மட்டும். கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, ஓர் எண்ணை முழுமையாக முடிக்கும் வரையிலாவது. மின் கட்டணத்தைக் கணக்குப் பார்க்க வேண்டிய வீட்டுக்கு, வேண்டாம்.

இதை எழுதும்போது என் கணினி ஏழாவது எண்ணில் 38 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. முடிந்த ஆறும் பகு எண்களே. அக்கா மகள் சென்ற வாரம் 13-ஐ எடுத்துக்கொண்டு, 8,191 என்ற எண்ணுக்குப் பதினொரு படிகளையும் கைக்கணிப்பியில் போட்டு முடித்தாள். பத்தாம் படியில் 128 வந்தது. 128-இன் வர்க்கத்திலிருந்து இரண்டைக் கழித்தால் 16,382, அது 8,191-இன் சரியான இரு மடங்கு. சுழியம். அப்போதுதான் அவள் பழைய ரசீதை எடுத்து, 31-க்கும் சுழியத்துக்கு முந்தைய படியில் 8 வந்ததைக் காட்டினாள். இரண்டும் இரண்டின் அடுக்குகள். “7-க்கு இது ஒத்துவரவில்லை, மாமா, 111 வருகிறது” என்றாள். ஏழு ஒன்றுகளாகிய 127-இலிருந்து 111-ஐக் கழித்துப் பார்க்கச் சொன்னேன். 16. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணுக்கும் கடைசிக்கு முந்தைய படியில் இரண்டின் ஓர் அடுக்கோ, அந்தப் பகா எண்ணிலிருந்து அவ்வடுக்கைக் கழித்தால் வரும் எண்ணோ நிற்கும் என்பதை அவளே கண்டுவிட்டாள். இப்போது 17-ஐத் தொடங்கியிருக்கிறாள். 131,071, பதினைந்து படிகள். பதினான்காம் படியில் 512 வருமா, 130,559 வருமா என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.